அம்மம்மாவின் தகரப்பெட்டி: பழைய குடும்பப் படங்களைக் கம்ப்யூட்டரில் அடுக்கிய கதை

எங்கள் வீட்டில் ஒரு பிஸ்கட் தகரப்பெட்டி இருக்கிறது. மூடியில் இருந்த படம் எப்போதோ அழிந்துவிட்டது. ஓரமெல்லாம் துரு. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்துச் சனம் முழுக்க ஒரே இரவில் வெளிக்கிட்டபோது, அம்மம்மா உடுப்புப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்த பெட்டி அது. எனக்கு அப்போது ஏழு வயது. நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்ததும், கால் வலித்து அழுததும் ஞாபகம் இருக்கிறது. பெட்டி ஞாபகம் இல்லை. அதற்குள் 214 படங்கள் இருந்தன என்பது எனக்குத் தெரிந்ததே போன வருடம்தான்.

பெரிய அல்பங்கள் எல்லாம் வீட்டோடு போய்விட்டன. மிஞ்சினது இந்தப் பெட்டி. சாவகச்சேரி, கொழும்பு, பிறகு சிட்னி என்று மூன்று இடம் மாறி, இப்போது வென்ட்வர்த்வில்லில் அம்மா வீட்டு அலுமாரியில் இருக்கிறது.

போன வருடம் அம்மம்மா என் மகளை என்னுடைய பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினா. முதலில் சிரித்தோம். பிறகு ஒரு நாள் அடுப்பை அணைக்க மறந்துவிட்டா. டொக்டரிடம் கொண்டுபோனோம். மறதி நோயின் தொடக்கம் என்றார். "பெரும்பாலும் புது ஞாபகம்தான் முதலில் போகும். பழசு கொஞ்சக் காலம் நிற்கும். கேட்கவேண்டியதை இப்பவே கேளுங்கோ" என்றும் சொன்னார்.

அன்றைக்கு இரவு பெட்டியைத் திறந்தோம். 214 படங்களில் அம்மாவுக்குத் தெரிந்த முகங்கள் பாதிகூட இல்லை. மற்ற ஆட்களின் பெயர்கள் எல்லாம் 88 வயது அம்மம்மாவின் தலைக்குள் மட்டும்தான் இருந்தன.

நான் சொஃப்ட்வெயர் இஞ்சினியர். ஒரு பிரச்சினை வந்தால் அதற்கு ஒரு மென்பொருள் தேடுவது எங்கள் ஆட்களின் வியாதி. இந்த முறை அந்த வியாதி உதவியது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கும். சூட்கேசாக இருக்கலாம், பழைய கவராக இருக்கலாம். அதனால் நான் கற்றுக்கொண்டதை, செய்த பிழைகளோடு சேர்த்து எழுதுகிறேன்.

ஃபோல்டர் மட்டும் போதாதா?

ஸ்கேன் செய்வது கஷ்டமில்லை. தட்டை ஸ்கேனர் ஒன்று வாங்கி, சின்னப் படங்களை 600 டிபிஐ அளவில், மூன்று வார இறுதிகளில் முடித்துவிட்டோம். ஒரு விஷயம் மட்டும் மறக்காதீர்கள்: படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோவின் முத்திரை, பென்சிலில் எழுதிய ஒரு திகதி, 'அன்புடன்' என்று ஒரு கையெழுத்து எல்லாம் அங்கேதான் இருக்கும்.

பிரச்சினை அதற்குப் பிறகுதான். 'ஸ்கேன் 001', 'ஸ்கேன் 002' என்று ஒரு ஃபோல்டர் நிறையப் படங்கள். 1962ஆம் வருடத்துக் கலியாண வீட்டுப் படத்தில் பதினேழு பேர் நிற்கிறார்கள். அந்தப் படத்தை எந்த ஃபோல்டரில் போடுவது? மாப்பிள்ளை பெயரிலா, பெண் பெயரிலா, வருடத்திலா, ஊரிலா? ஃபோல்டரில் ஒரு படம் ஒரு இடத்தில்தான் இருக்கும். ஒரு ஆளோ ஒரே நேரத்தில் மகள், தங்கை, மாமி, அயலட்டை.

இதற்காகத்தான் படநூலக மென்பொருட்கள் இருக்கின்றன. நான் எடுத்தது டிஜிகாம். கேடிஇ குழுவினரின் திறந்தமூல மென்பொருள். இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இருபது வருடத்துக்கு மேலாக வளர்ந்துகொண்டு வருகிறது. எனக்கு முக்கியமாகப் பட்டது, படங்களும் முகங்களும் நம்முடைய கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகாது என்பது. முகம் கண்டுபிடிக்கும் வேலைக்குத் தேவையான கோப்புகளை ஒரு முறை இறக்கிக்கொள்ளும். பிறகு வேலை எல்லாம் நம் மேசையிலேயே நடக்கும்.

முதல் தடவை திறக்கும்போது சில கேள்வி கேட்கும். படங்கள் எங்கே இருக்கின்றன? தரவுத்தளத்தை எங்கே வைப்பது? இரண்டாவது கேள்விக்கு, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டிஸ்கையே காட்டுங்கள். படங்கள் வெளி டிஸ்கிலோ வீட்டு நெட்வர்க் டிஸ்கிலோ இருக்கலாம். ஆனால் சாதாரணமாக வரும் எஸ்கியூலைட் தரவுத்தளத்தை நெட்வர்க்கில் வைத்தால் சிக்கல் வரும்.

மூன்று பத்தி ஜன்னல்

திறந்தவுடன் அம்மா சொன்னது: "இதென்னடி, பிளேன் ஓட்டுற இடம் மாதிரி இருக்கு."

உண்மைதான். நாலு பக்கமும் பட்டன். ஆனால் ஒரு விஷயம் புரிந்தால் பயம் போய்விடும். ஜன்னல் மூன்று பத்தியாகப் பிரிந்திருக்கிறது. இடது பக்கம் 'எங்கே தேடுவது'. நடுவில் 'என்ன கிடைத்தது'. வலது பக்கம் 'இதைப் பற்றி என்ன தெரியும்'.

இதைப் பிடித்துக்கொண்டால் மற்ற மென்பொருட்களும் பழக்கமாகிவிடும். மின்நூல்களை அடுக்கும் காலிபரைத் திறந்து பாருங்கள். இடது பக்கம் எழுத்தாளர், வகை. நடுவில் புத்தகப் பட்டியல். வலது பக்கம் தெரிவுசெய்த புத்தகத்தின் விவரம். அதே வீடு, வேறு தளபாடம்.

டிஜிகாமின் இடது ஓரத்தில் எழுத்துக்கள் செங்குத்தாகப் படுத்திருக்கும். ஆல்பம்ஸ், டாக்ஸ், லேபிள்ஸ், டேட்ஸ், டைம்லைன், சேர்ச், சிமிலாரிட்டி, மேப், பீப்பிள். ஒவ்வொன்றும் அதே படக் குவியலுக்குள் போகும் வேறு வேறு வாசல். ஆல்பம் வழியாகப் போனால் ஃபோல்டர். டைம்லைன் வழியாகப் போனால் காலம். மேப் வழியாகப் போனால் இடம். பீப்பிள் வழியாகப் போனால் ஆள்.

திறந்திருக்கும் தாவலையே இன்னொரு முறை கிளிக் செய்தால் அந்தப் பத்தி மடிந்துவிடும். அம்மம்மாவோடு இருக்கும்போது இரண்டு பக்கத்தையும் மடித்துவிட்டு, படத்தை மட்டும் பெரிதாகக் காட்டுவேன். கண் தெரியாத ஆளுக்கு முன்னால் ஐம்பது பட்டன் எதற்கு?

வலது ஓரத்திலும் அதே மாதிரிச் செங்குத்துத் தாவல்கள். படத்தின் அளவு, திகதி, நிறம், வரைபடம் எல்லாம் அங்கே உண்டு. நமக்கு அடிக்கடி தேவைப்படுவது இரண்டே இரண்டு: கேப்ஷன்ஸ், ஃபில்டர்ஸ்.

ஆல்பம் வேறு, டாக் வேறு

இங்கேதான் எல்லாரும் சறுக்குவார்கள். நானும் சறுக்கினேன்.

டிஜிகாமில் ஆல்பம் என்பது உங்கள் டிஸ்கில் இருக்கும் உண்மையான ஃபோல்டர். ஆல்பத்தின் பெயரை மாற்றினால் டிஸ்கிலும் பெயர் மாறும். ஆல்பத்தை அழித்தால் படங்களும் சேர்ந்து போகும். ஃபோனில் பழகின நாங்கள் ஆல்பம் என்றால் சும்மா ஒரு பட்டியல், அழித்தாலும் படம் எங்கேயோ பத்திரமாக இருக்கும் என்று நினைப்போம். நான் அப்படி நினைத்து ஒரு 'வேண்டாத' ஆல்பத்தை அழித்தேன். அது அப்பா பக்கத்துப் படங்கள் இருந்த ஃபோல்டர். நல்ல காலம், ஆல்பம் பட்டியலிலேயே குப்பைத்தொட்டி ஒன்று இருக்கிறது. அழித்தவை அங்கே போய் இருக்கும். திருப்பி எடுத்துவிடலாம், தொட்டியைக் காலி செய்யாத வரைக்கும்.

டாக் என்பது படத்தில் ஒட்டும் துண்டுச் சீட்டு. ஒரு படத்தில் எத்தனையும் ஒட்டலாம். டாக்கை அழித்தால் சீட்டுத்தான் கிழியும், படம் அப்படியே இருக்கும். டாக்குக்குள் டாக் வைக்கலாம். எங்கள் வீட்டில் 'இடம்' என்று ஒன்று, அதற்குள் ஊர்கள். 'நிகழ்ச்சி' என்று ஒன்று, அதற்குள் கலியாணம், சாமத்தியச் சடங்கு, கோவில் திருவிழா, பள்ளிக்கூடம், செத்தவீடு.

என்னுடைய யோசனை இதுதான். ஆல்பத்தை எளிமையாக வையுங்கள். படம் எங்கிருந்து வந்ததோ அதுவே ஆல்பத்தின் பெயர்: 'அம்மம்மா பெட்டி', 'கனடாவில் இருந்து வந்தது', 'என் ஃபோன் 2024'. மற்ற எல்லா அறிவும் டாக்கில். பதினேழு பேர் நிற்கும் கலியாணப் படத்துக்குப் பதினேழு பெயர்ச் சீட்டு, ஒரு ஊர், ஒரு நிகழ்ச்சி. எந்த வாசலால் போனாலும் அந்தப் படம் வரும்.

பின்பக்க ஸ்கேனுக்கும் வழி உண்டு. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்துத் தெரிவுசெய்து, வலது கிளிக்கில் 'குரூப்' ஆக்கிவிடலாம். மேலே முன்பக்கம் மட்டும் தெரியும். விரித்தால் பின்பக்கம்.

"படங்களைக் காணேல்லை!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை மென்பொருளைத் திறந்தால் 214 படங்களில் ஆறுதான் இருக்கின்றன. எனக்குக் கை நடுங்கிவிட்டது. அம்மாவிடம் சொல்லவில்லை. டிஸ்க் பழுதாகிவிட்டதோ என்று அரை மணித்தியாலம் அலைந்தேன்.

நடந்தது என்ன? முதல் நாள் மகள் வலது பக்கம் ஃபில்டர்ஸைத் திறந்து ஐந்து நட்சத்திரத்தை அழுத்தி விளையாடியிருக்கிறாள். ஐந்து நட்சத்திரம் கொடுத்த படங்கள் ஆறு. அந்த ஆறுதான் தெரிந்தன. மற்றவை எங்கேயும் போகவில்லை, மறைந்துதான் நின்றன.

இடது பக்கத் தேடலுக்கும் வலது பக்க வடிகட்டலுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இடது பக்கம், முழு நூலகத்திலும் தேடி எடுத்து நடுவில் வைக்கும். வலது பக்கம், நடுவில் ஏற்கனவே இருப்பதைச் சலிக்கும், நெல்லைச் சுளகில் புடைப்பது போல. படம் காணாமல் போனால் பதறாமல் முதலில் ஜன்னலின் அடிப்பக்கக் கோட்டைப் பாருங்கள். ஃபில்டர் ஏதும் வேலை செய்கிறதா என்று அங்கே எழுதியிருக்கும். பக்கத்திலேயே அதை நீக்கும் பட்டனும் இருக்கும்.

நட்சத்திரம் கொடுப்பதற்கு மவுஸ்கூடத் தேவையில்லை. கண்ட்ரோல் விசையோடு 1 முதல் 5 வரை அழுத்தினால் போதும், பூச்சியம் அழுத்தினால் நட்சத்திரம் போய்விடும். எங்கள் வீட்டு விதி: ஐந்து நட்சத்திரம் என்றால் பிரேம் போட்டுச் சுவரில் மாட்டவேண்டிய படம்.

1962 கலியாணம் 2024இல் நடந்ததா?

டைம்லைன் தாவலைத் திறந்தேன். அம்மம்மாவின் மொத்த வாழ்க்கையும் 2024ஆம் வருடத்தில் மூன்று வார இறுதிகளில் நடந்து முடிந்திருந்தது. காரணம், ஸ்கேன் செய்த கோப்புக்கு ஸ்கேன் செய்த நாள்தான் பிறந்தநாள்.

ஐட்டம் மெனுவில் திகதியையும் நேரத்தையும் திருத்தும் கருவி இருக்கிறது. பல படங்களை ஒன்றாகத் தெரிவுசெய்தும் மாற்றலாம். ஆனால் அது சரியான நாளைக் கேட்கும். 'எழுபதுகளின் தொடக்கம், அம்மா பிறந்ததுக்குப் பிறகு' என்பதை அது ஏற்காது. அதனால் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். வருடம் மட்டும் தெரிந்தால் ஜனவரி 1. அதோடு 'திகதி உத்தேசம்' என்று ஒரு டாக். பிறகு பார்க்கும் பிள்ளைகள், எங்கள் குடும்பத்தில் எல்லாக் கலியாணமும் புதுவருடத்தன்று நடந்தது என்று நினைக்கக்கூடாது அல்லவா?

கேப்ஷன்ஸ் தாவலில்தான் கதையை எழுதுவது. தமிழில் தாராளமாக எழுதலாம். ஒரே படத்துக்கு வேறு வேறு மொழியில் தனித்தனி விளக்கம் வைக்கவும் இடம் இருக்கிறது. அம்மம்மா சொன்னதைச் சொன்ன மாதிரியே தமிழில் எழுதுவேன். கீழே மகளுக்காக ஆங்கிலத்தில் இரண்டு வரி. இப்போது அவள் முதலில் ஆங்கிலத்தை வாசிக்கிறாள், பிறகு தமிழை எழுத்துக்கூட்டிப் பார்க்கிறாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வராத ஆர்வம் இதில் வருகிறது, ஏனென்றால் அது அவளுடைய ஆட்களின் கதை.

வரைபடத்தையும் விடாதீர்கள். பழைய படத்துக்கு இடத்தை நாங்களே குறிக்கலாம். எங்கள் மேப்பில் இப்போது இரண்டு குவியல்கள், யாழ்ப்பாணத்தில் ஒன்று, சிட்னியில் ஒன்று. நடுவில் கொழும்பில் கொஞ்சம்.

'மாமி' யாருக்கு மாமி?

பெயர் வைப்பதில் நான் எதிர்பார்க்காத சிக்கல் வந்தது. தொடக்கத்தில் நாங்கள் கூப்பிடுவது போலவே டாக் வைத்தேன்: அம்மம்மா, பெரியம்மா, லண்டன் மாமா, சின்னமாமி. ஒரு வாரத்தில் குழம்பிவிட்டது. என்னுடைய அம்மம்மா என் மகளுக்குப் பூட்டி. என் பெரியம்மா என் அம்மாவுக்கு அக்கா. லண்டன் மாமா இப்போது இருப்பது ரொறன்ரோவில். என் கணவர் மதுரைக்காரர். அவருடைய அப்பாவின் அம்மா அவருக்கு 'அப்பத்தா'. எனக்கு அந்தச் சொல்லே புதிது.

உறவுமுறை எப்போதும் சொல்பவர் நிற்கும் இடத்தில் இருந்து வருவது. நூலகத்துக்கு அப்படி ஒரு இடம் கிடையாது. நாற்பது வருடம் கழித்து என் பேரப்பிள்ளை அதைத் திறக்கும்போது 'மாமி' என்று இருந்தால், யாருடைய மாமி?

அதனால் டாக்கில் ஆளின் சொந்தப் பெயர், அதோடு தகப்பன் பெயர், பெண்கள் என்றால் பிறந்த வீட்டுத் தகப்பன் பெயர். எங்கள் ஊரில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள், தகப்பன் பெயர் இல்லாவிட்டால் பிரிக்க முடியாது. வீட்டுப் பெயரைக் கேப்ஷனில் எழுதினேன். பெயரைத் தமிழில்தான் வைத்தேன். ஆங்கிலத்தில் ஒரே பெயரைச் சிட்னியில் ஒரு மாதிரி, பாரிஸில் ஒரு மாதிரி எழுதுகிறோம், தேடினால் பாதி கிடைக்காது.

அம்மம்மாவின் ஞாயிற்றுக்கிழமைகள்

இடது பக்கத்தின் கடைசி வாசல், பீப்பிள். முகங்களைத் தேடச் சொன்னால் எல்லாப் படங்களையும் அலசி, முகங்களை மட்டும் வெட்டி 'அன்னோன்' என்ற பெயரில் வரிசையாக வைக்கும். ஒவ்வொன்றின் கீழும் பெயர் எழுதலாம். கொஞ்சப் பேருக்குப் பெயர் கொடுத்த பிறகு, மற்ற முகங்களை அது தானாக ஊகிக்கும். அந்த ஊகங்கள் 'அன்கன்ஃபேம்ட்' என்ற பட்டியலில் வந்து நிற்கும், நாங்கள் சரி என்று சொல்லும் வரைக்கும். 2020இல் வந்த ஏழாவது பதிப்பில் இருந்து இந்த வேலையை ஆழ்கற்றல் முறையில் செய்கிறது. இருந்தாலும் ஊகம் ஊகம்தான். மங்கிய படம், பக்கவாட்டில் திரும்பிய முகம் எல்லாம் தப்பும். அப்போது படத்தில் நாங்களே முகத்தைச் சுற்றிக் கட்டம் போட்டுப் பெயர் எழுதலாம்.

ஒவ்வொரு ஞாயிறும் சாப்பாட்டுக்கு முன் ஒரு மணித்தியாலம். மடிக்கணினியை ரி.வியில் இணைத்து, ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கிக் காட்டுவோம்.

"இது ஆர் அம்மம்மா?"

"இவ என்ர பெரியம்மான்ர மூத்தவ. நல்லாப் பாடுவா. கலியாணம் கட்டி மலேயாவுக்குப் போனவ, திரும்பி வரேல்லை."

காலையில் என்ன சாப்பிட்டோம் என்று தெரியாத ஆள் இதைச் சொல்கிறா. மகள் ஃபோனில் குரலைப் பதிவு செய்வாள். நான் தட்டச்சு செய்வேன். அம்மா பக்கத்தில் இருந்து "எனக்கே தெரியாதே" என்பா.

ஒரு இளைஞன் மூன்று படங்களில் இருந்தார். ஸ்டூடியோவில் எடுத்த படம் ஒன்று, வீட்டு முற்றத்தில் இரண்டு.  அம்மம்மா பார்த்தா. "அது ஆரோ. விடு பிள்ளை" என்றா. அடுத்த வாரமும் அதே பதில், கொஞ்சம் கோபமாக.

பெயர் வேண்டாத முகங்களுக்கும் ஒரு இடம் இருக்கிறது. 'இக்னோர்ட்' என்று பெயர். தெருவில் போகிறவர்கள், பின்னால் நிற்கும் கூட்டம், இவர்களைத் தள்ளிவைக்கத்தான் அந்தப் பட்டியல். நானும் அவரை அங்கே தள்ளிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து வேறு ஏதோ படம் பார்த்துக்கொண்டிருக்கும்போது அம்மம்மா திடீரென்று கேட்டா. "அந்தத் தம்பியின்ர படத்தை எங்க வச்சனி?"

எந்தத் தம்பி? அம்மம்மாவுக்கு இரண்டு தம்பிமார், இரண்டு பேருக்கும் பெயர் போட்டாயிற்று. அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நான் 'இக்னோர்ட்' பட்டியலைத் திறந்தேன். கோவில் திருவிழாக் கூட்டத்தின் தெரியாத முகங்களுக்கு நடுவில் அவர் இருந்தார்.

"இவன்தான். மூண்டாவது தம்பி. வேற ஆக்களில கலியாணம் கட்டினவன். அப்பு பேர் சொல்லப்படாதெண்டு சொல்லிப்போட்டார். நாங்களும் சொல்லேல்லை."

அப்பு இறந்து ஐம்பது வருடத்துக்கு மேல். அம்மாவுக்குத் தன் தாய்மாமன் ஒருவர் இருந்ததே அன்றைக்குத்தான் தெரிந்தது. சாதி என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. மகள் மட்டும் கேட்டாள், "வேற ஆக்கள் எண்டா என்ன?" அதற்கு அன்றைக்கு இரவு நான் பதில் சொன்னேன். முழுதாகத்தான் சொன்னேன்.

"பேர் போடட்டோ அம்மம்மா?"

அவ கொஞ்ச நேரம் ரி.வியைப் பார்த்துக்கொண்டிருந்தா. "போடு. பேரில்லாமல் விடப்படாது."

பெயரைச் சொன்னா. எழுதினேன். அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை, அவருடைய பிள்ளைகள் எங்கேயாவது இருக்கக்கூடும், முதலில் அவர்களைக் கேட்கவேண்டும். அடுத்த ஞாயிறு அதே படத்தைக் காட்டினபோது அம்மம்மாவுக்கு யாரென்று தெரியவில்லை. ஒரு வாரம் பிந்தியிருந்தால் அந்தப் பெயர் எங்களுக்குக் கிடைத்திருக்காது.

பிள்ளைகள் கையில் போய்ச் சேரவேண்டும் என்றால்

இவ்வளவும் செய்துவிட்டு, பத்து வருடத்தில் இந்த மென்பொருள் இல்லாமல் போனால்? அதற்கும் யோசித்து வைக்கவேண்டும்.

முதலாவது, அமைப்புகளில் மெட்டாடேட்டா பகுதிக்குப் போய், டாக், விளக்கம், முகத்தின் பெயர் எல்லாவற்றையும் படக்கோப்புக்குள்ளேயே எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவை தரவுத்தளத்தில் மட்டும் இருக்கும். கோப்பைத் தொட விருப்பம் இல்லை என்றால், பக்கத்தில் எக்ஸ்.எம்.பி என்ற துணைக்கோப்பாக எழுதலாம். அது பொதுவான வடிவம், வேறு பல மென்பொருட்களும் படிக்கும்.

இரண்டாவது, மூன்று பிரதி, இரண்டு விதமான இடம், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. எங்கள் மூன்றாவது பிரதி மெல்பேர்னில் தங்கை வீட்டில் இருக்கிறது. தரவுத்தளத்தையும் சேர்த்து நகல் எடுங்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின, அவற்றில் ஓலைச்சுவடிகளும் இருந்தன. ஒரே ஒரு பிரதியாக இருந்தவை திரும்ப வரவே இல்லை. அதை அறிந்து வளர்ந்த சமூகத்துக்கு, ஒரு பிரதி என்றால் பிரதி இல்லாத மாதிரி என்று யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எண்மமாக்கி இணையத்தில் வைத்துவருவதும், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தினர் தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடி எண்மமாக்கியதும் இதே கவலையில்தான். வீட்டுப் படங்களுக்கு அந்த வேலையை நாங்கள்தான் செய்யவேண்டும்.

மூன்றாவது, பெயர்கள் கோப்புக்குள் இருப்பதால், அசல் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினால் பெயரும் சேர்ந்து போகும். உயிரோடு இருக்கிறவர்களின் படத்தைப் பகிரும் முன் கேளுங்கள். சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் இரண்டு முறை யோசியுங்கள்.

நாலாவது, சொந்தக்காரர்களிடம் படம் கேளுங்கள். ரொறன்ரோவில் இருந்தும் பாரிஸில் இருந்தும் வந்ததில் பாதி எங்களிடம் ஏற்கனவே இருந்தவை. சிமிலாரிட்டி தாவல் ஒரே மாதிரிப் படங்களைக் கண்டுபிடித்துக் கொடுக்கும். அழிக்கும் முன் இரண்டின் பின்பக்கத்தையும் பாருங்கள். ஒரே படம்தான், ஆனால் பாரிஸில் இருந்து வந்த பிரதியின் பின்னால் ஒரு முழுக் கடிதம் இருந்தது.

எங்கே தொடங்குவது?

எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்ய வெளிக்கிடாதீர்கள். ஃபோனில் இருக்கும் ஆயிரக்கணக்கான படங்களை இப்போதைக்கு விடுங்கள், அவற்றில் திகதி இருக்கிறது, இடம் இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள். வீட்டில் வயதானவருக்கு மட்டும் தெரிந்த இருபது படங்களை எடுங்கள். ஸ்கேனர் இல்லாவிட்டால் பகல் வெளிச்சத்தில் ஃபோனிலேயே எடுங்கள். பெரிய திரையில் போட்டு, "இது ஆர்?" என்று கேளுங்கள். மென்பொருளை அதற்குப் பிறகும் கற்றுக்கொள்ளலாம்.

எங்கள் பட்டியலில் இன்னும் 31 முகங்கள் 'அன்னோன்' ஆக இருக்கின்றன. சிலதுக்குப் பெயர் கிடைக்கப்போவதில்லை என்று தெரியும். அம்மம்மா இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அதிகம் பேசுவதில்லை. ஆனால் ரி.வியில் படம் வந்தால் கதிரையை முன்னுக்கு இழுத்து இருப்பா. போன வாரம் மகள்தான் மவுஸைப் பிடித்தாள். ஒவ்வொரு படமாகக் காட்டி, பெயரைத் தமிழில் வாசித்து, அம்மம்மாவுக்கு அவள் சொல்லிக்கொடுத்தாள்.

"பூட்டி, இது உங்கட மூண்டாவது தம்பி."

"ஓமோ?" என்றா அம்மம்மா. "வடிவான பிள்ளை."